மாதிரி எடுத்த கை

பட்டப்பகலில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. சாணவாயு ஆலையின் ஓரத்தில் நிற்கிற உயரமான இரும்புக் குழாயின் வாயிலிருந்து கிளம்பி, கடல்காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து, துணி கிழிகிற மாதிரி படபடத்து எரிந்தது. டென்மார்க்கின் மேற்குக் கரையில் நிலம் உள்ளங்கை மாதிரி. மேடு கிடையாது, மறைக்க மரமும் அதிகம் கிடையாது. எந்தத் தொழுவத்து வாசலில் நின்றாலும் அந்தத் தீ கண்ணைக் குத்தும்.

கிரெஸ்டன் தன் தொழுவத்து வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுக் காறித் துப்பினான். எரிவது அவனுடைய மாட்டுச் சாணம். அவனுடையது மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் அத்தனை பேருடையதும். எல்லாரும் சேர்ந்து சங்கம் வைத்துக் கட்டிய ஆலை. மாட்டுச் சாணமும் பன்றிக் கழிவும் குழம்பாக அங்கே போகும். மூடிய தொட்டிகளில் புளித்து வாயு கிளம்பும். அதைக் கழுவிச் சுத்தம் செய்து, மண்ணுக்கடியில் ஓடுகிற ஊர்க்குழாயில் விடுவார்கள். டவுனில் ரொட்டி வேகிறதும் வீடு சூடாகிறதும் அதில்தான். இப்போது ஊர்க்குழாய்க்காரன் வால்வை அடைத்துவிட்டான். போக வழியில்லாத வாயுவை அப்படியே காற்றில் விடக் கூடாது, எரித்துத்தான் தீர்க்க வேண்டும். ஊரே வயிற்றெரிச்சலோடு வேடிக்கை பார்த்தது.

அடைத்ததற்குக் காரணம் சிலிக்கான். ஷாம்புவிலும் முகத்துக்குப் பூசுகிற கிரீமிலும் வழவழப்புக்குச் சேர்க்கிற சரக்கில் அது இருக்கிறதாம். வாயுவோடு கலந்து வந்தால் எரியும்போது மாவு மாதிரி மணலாகி, கொதிகலனிலும் எஞ்சினிலும் படிந்து அரித்துத் தின்றுவிடுமாம். மாதிரிக்குப் பிடித்த வாயுவில் அது அளவுக்கு மேல் இருக்கிறது என்று பரிசோதனைக்கூடம் சொன்னது. ஒரு தடவை சொல்லவில்லை, எடுத்த மூன்று தடவையும் அதையேதான் சொன்னது.

"நம்ம மாடு என்ன, ஷாம்பு போட்டா குளிக்குது?" என்று கிரெஸ்டன் சாப்பாட்டு மேசையில் கேட்டான்.

அவன் மனைவி போடில், கம்பு ரொட்டியில் ஈரல் பசையைத் தடவிக்கொண்டே, மாடு குளிக்காது, ஆனால் யாரோ எதையோ கொட்டியிருக்கிறார்கள் என்று சொன்னாள். யாருடைய பெயரையும் அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த வாரம் ஊரில் எந்த மேசையிலும் ஒரே பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கிரெஸ்டன் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேனா பிடிக்கிறவன் எவனையும் நம்பாதவன். மழை வரும் என்று வானொலி சொன்னால் வைக்கோலைக் காய வைப்பான். அது பாதி நாள் சரியாகவும் போயிருக்கிறது, அதனால் அந்தப் புத்தி இன்னும் முற்றிப்போயிருந்தது. இலையுதிர் காலத்தில் சங்கக் கூட்டம் நடந்தபோது எழுந்து நின்று கேட்டது அவன்தான். பரிசோதனைக்கூடத்துப் பெண் தோரா தனியாக வருகிறாள், நம் வாயுவைத் தன் சிலிண்டரில் பிடிக்கிறாள், தன் அறையில் வைத்துத் தானே பார்க்கிறாள், பிறகு நல்லது கெட்டது என்று தானே தீர்ப்பும் சொல்கிறாள், இதில் நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டான். மேசைகளைத் தட்டினார்கள். இனிமேல் மாதிரியைச் சங்கத்து ஆள் ஒருவன்தான் தன் கையால் பிடிப்பான், குழாயில் திருகுகிற இணைப்புத் துண்டான கப்ளிங்கும் சங்கத்துக்கென்று வாங்கியதாகத்தான் இருக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த ஆள் கிரெஸ்டன். கப்ளிங்கை அவன் தன் பால் அறை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டான், சாவி அவன் சட்டைப் பையில்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆலைக் குழாயில் சின்னதாக ஒரு திருகு வால்வு இருக்கும். அதில் கப்ளிங்கை முறுக்கி, கப்ளிங்கில் ட்யூபை மாட்டி, முதலில் கொஞ்ச நேரம் வாயுவைச் சும்மா ஓடவிட்டு, உள்ளே தங்கிய பழைய காற்றை வெளியே தள்ள வேண்டும். பிறகு பளபளவென்று இருக்கிற சிலிண்டரை நிரப்பி, காலி செய்து, நிரப்பி, காலி செய்து, கடைசியில் மூடி முத்திரை போட வேண்டும். குளிரில் மரை இறுகிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு தடவையும் கிளம்புகிற முன் கிரெஸ்டன் கப்ளிங்கின் மரையிலும் ரப்பர் வாஷரிலும் மடிக்களிம்பை ஒரு விரல் எடுத்துத் தடவிக்கொண்டு போவான். பசுவின் காம்பு வெடிக்காமல் இருக்கப் பூசுகிற களிம்பு. பால் கறக்கிறவன் எவனும் செய்கிறதுதான். கதவுக் கீல் முனகினாலும், மழைக்கோட்டின் ஜிப் சிக்கினாலும், தன் விரலே வெடித்தாலும் கை அந்த டப்பாவுக்குத்தான் போகும்.

தோரா முதல் தடவை தன் கப்ளிங்கை நீட்டினாள். அது இதற்கென்றே கழுவிக் காயவைத்தது என்றாள்.

"அதுல நீ என்ன தடவி வெச்சிருக்கியோ, யாரு கண்டா?" என்று கேட்டு அவள் கையைத் தள்ளிவிட்டான்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கைகளைக் கோட்டுப் பையில் விட்டு நின்றாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஊர் மேசைகளில் ஓடிய பெயர் விகோ. கிரெஸ்டனின் வயலை ஒட்டினாற்போல் பன்றிப் பண்ணை வைத்திருப்பவன். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இரண்டு பேரும். விகோவிடம் சொந்தமாக டேங்கர் லாரி உண்டு. தன் பன்றிக் குழம்பைத் தானே ஆலைக்கு ஓட்டிக்கொண்டு வருவான். அந்த லாரி பக்கத்து டவுனில் சோப்பும் ஷாம்புவும் செய்கிற தொழிற்சாலை வளாகத்தில் நின்றதை யாரோ பார்த்துவிட்டார்கள். அப்புறம் என்ன? நாக்குக்கு எலும்பா இருக்கிறது? தொழிற்சாலைக் கழிவை வாங்கிப் பன்றிக் குழம்போடு கலந்து கொட்டுகிறான் என்று கதை முடிந்துவிட்டது.

விகோவை ஒரு தடவை கேட்டார்கள். மழைத்தண்ணீர் பிடிக்கப் பழைய பிளாஸ்டிக் பீப்பாய் வாங்கப் போனேன் என்று சொன்னான். மறுபடி கேட்டபோது பதில் சொல்லவில்லை. அவன் சுபாவம் அப்படி, சொன்னதை இரண்டாம் தடவை சொன்னால் முதல் தடவை சொன்னது பொய் ஆகிவிடும் என்று நினைக்கிறவன். ஊர் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டது.

அந்தப் பக்கத்தில் எதிரெதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார்கள். அதுதான் வணக்கம், அதுதான் நலமா, அதுதான் எல்லாம். கிரெஸ்டன் விகோவுக்கு விரல் தூக்குவதை நிறுத்தினான். முதல் நாள் விகோ தூக்கினான். மறுநாளிலிருந்து அவனும் தூக்கவில்லை.

டிசம்பர் மாதம் ஊர் மண்டபத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். வழக்கப்படி முதலில் பாட்டுப் புத்தகத்தை எடுத்து எல்லாரும் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடினார்கள். உறைபனியையும் ஒற்றுமையையும் பற்றிய பாட்டு. விகோவும் பாடினான். பிறகு காப்பியும் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் வந்தன. சங்கத் தலைவன் ஹெல்கெ, தொண்டையைச் செருமி, யாரையும் குறிப்பிட்டுச் சொல்ல விரும்பவில்லை என்றான். ஹெல்கெ எப்போதும் அப்படித்தான், சுடுசோற்றை அடுத்தவன் கையால் எடுக்கிறவன்.

எடுத்துக் கொடுத்தது கிரெஸ்டன். எழுந்து நின்று, பெயர் சொல்லி, முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"எங்க அப்பன் காலத்துலேருந்து உங்க வீட்டோட பழக்கம், விகோ. அதனால உன் முதுகுக்குப் பின்னாடி பேசல, மூஞ்சிக்கு நேரா சொல்றேன். நீ கொட்டின சோப்புத் தண்ணியிலதான் எங்க எல்லார் உழைப்பும் அந்தக் குழாயில எரிஞ்சுகிட்டு இருக்கு. இனிமே உன் குழம்பு இந்த ஆலைக்கு வரக் கூடாது. எவனாவது இரக்கப்பட்டு சொந்தத் தொட்டில ஊத்திக்கிட்டா, அவன் குழம்பும் வரக் கூடாது."

கைகள் உயர்ந்தன. தூக்காதவர்கள் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விகோ தன் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அந்த ஊரில் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்த ஆளை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. வாசலில் தொப்பியைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. 

கிரெஸ்டன் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டான். சரியானதைச் செய்துவிட்ட திருப்தி.

பன்றி நிற்காமல் கழியும், சங்கம் தீர்மானம் போட்டது அதற்குத் தெரியாது. குளிர்காலத்தில் வயலில் குழம்பு ஊற்றச் சட்டம் விடாது, பிப்ரவரி வர வேண்டும். ஆலையும் எடுக்காது, அக்கம்பக்கத்தானும் எடுக்க மாட்டான் என்றால் போவதற்கு ஒரே இடம்தான், விகோவின் சொந்தத் தொட்டி. அது வருஷக் கடைசியிலேயே முக்கால்வாசி நிறைந்துவிட்டது. ஜனவரியில் மழையும் பனியும் மாறி மாறிக் கொட்டியது. நகராட்சியிலிருந்து ஒருவன் வந்து தொட்டிக்குள் கோல் விட்டுப் பார்த்தான். வெள்ளிக்கிழமைக்குள் மட்டம் இறங்க வேண்டும், இல்லையென்றால் கொட்டகையைக் காலி செய்து பன்றிகளை வெட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். போடில் இதைக் கடையில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

"தப்பு செஞ்சவன் படுவான்," என்றான் கிரெஸ்டன்.

ஆனால் தீ அணையவில்லை. விகோவின் குழம்பு நின்று வாரங்கள் ஆகியும் அடுத்த மாதிரியும் சிலிக்கானோடுதான் திரும்பி வந்தது. ஆலைத் தொட்டியில் பழைய சரக்கு இன்னும் கிடக்கிறது, அதுதான் என்று கிரெஸ்டன் எல்லாரிடமும் சொன்னான். ஊரும் தலையாட்டியது. அவனுக்கே அது ரொம்ப நம்பிக்கையாக இல்லை. அந்த நம்பிக்கையின்மையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோராவின் மேல் வைத்தான். அந்தப் பெண் ஏதோ செய்கிறாள். அவளையும் பிடிக்க வேண்டும்.

அவளே வாய்ப்புக் கொடுத்தாள். நகராட்சிக் கெடு முடிகிற அந்த வாரத் திங்கட்கிழமை வந்தபோது, இன்று இரண்டு மாதிரி, ஒன்று உங்கள் கப்ளிங்கில் உங்கள் கையால், ஒன்று என் கப்ளிங்கில் என் கையால், இரண்டையும் நீங்களே முத்திரை போடுங்கள் என்றாள். பொறி வைக்கிறாள் என்று நினைத்தான். பொறிக்குள் அவளே விழட்டும் என்று ஒத்துக்கொண்டான். இரண்டு சிலிண்டர்களையும் பக்கத்தில் நின்று கண் கொட்டாமல் பார்த்து முத்திரை போட்டான்.

புதன்கிழமை அவள் நேராக அவன் பண்ணைக்கே வந்தாள். கிரெஸ்டன் பால் அறையில் இயந்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் வணக்கம் கூடச் சொல்லவில்லை. அவன் எடுத்த சிலிண்டரில் சிலிக்கான், வழக்கம் போல் அளவுக்கு மேல். அவள் எடுத்ததில் ஒரு பொட்டு இல்லை. ஒரே குழாய், ஒரே நேரம், ஒரே வாயு.

கிரெஸ்டனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அப்படியானால் நீதான் களவாணி, நல்ல வாயு காட்டுகிற தந்திரம் தெரிந்தவளுக்குக் கெட்ட வாயு காட்டவும் தெரியும் என்று ஆரம்பித்து, அவள் படிப்பு, அவள் கார், அவள் கூடத்து முதலாளி என்று ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுத் திட்டினான். அவள் முழுதும் கேட்டாள்.

"முடிச்சீங்களா?" என்றாள். "நாலு மாசமா உங்ககிட்ட திருடிங்கற பட்டம் வாங்கறேன். எனக்கும் கோபம் வரும். அந்தக் கப்ளிங்க எடுங்க, பாக்கணும்."

"தாராளமா பாரு. என் சாமான் சுத்தமாத்தான் இருக்கும்."

அலமாரியைத் திறந்து எடுத்தான். அவளிடம் கொடுக்கிற முன், பழக்கம் விடுமா, மரையைத் துணியால் துடைத்து, பக்கத்திலிருந்த டப்பாவில் விரலை விட்டு, களிம்பை மரையைச் சுற்றியும் வாஷரிலும் நன்றாகத் தடவி, உள்ளங்கையில் மிஞ்சியதைத் தன் கைமேல் தேய்த்துக்கொண்டு நீட்டினான்.

தோரா கப்ளிங்கை வாங்கவில்லை. டப்பாவை எடுத்தாள். பின்புறம் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து, கிரெஸ்டன் ஒருநாளும் படித்ததில்லை. அவள் ஒரு இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துக் காட்டினாள்.

"தண்ணி ஒட்டாம இருக்க சிலிக்கான் எண்ணெய் சேத்திருக்கான். வாயு போற வழியில, வாஷர் மேலயே பூசி வெச்சிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?"

அவன் அந்த டப்பாவையே பார்த்தான். இயந்திரத்துக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு பன்றிக்காரர வெளிய தள்ளிட்டீங்கன்னு ஆலையில சொன்னாங்க," என்றாள். "இதுக்கா?"

கிரெஸ்டன் டப்பாவைப் பிடுங்கி அலமாரிக்குள் எறிந்தான். அது பொய், இது பசுவுக்குப் போடுகிற களிம்பு, பசுவைக் கெடுக்காதது வாயுவைக் கெடுக்குமா, மனுஷன் சாப்பிடுகிற பால் அந்தக் காம்பில்தான் வருகிறது என்றெல்லாம் சொன்னான். சொல்லச் சொல்லத் தன் குரல் தனக்கே கேவலமாகக் கேட்டது. பிறகு பால் இயந்திரம் கழுவுகிற காரத்தைக் கொதிநீரில் கலக்கி, கப்ளிங்கை அதில் போட்டுத் தேய்த்தான். பழைய வாஷரை எறிந்துவிட்டுப் புதியதை அவளையே மாட்டச் சொன்னான். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, அவள் கொடுத்த கையுறையையும் மாட்டிக்கொண்டான். இரண்டு பேரும் ஆலைக்குப் போனார்கள். அவன் அவள் காரில் ஏறவில்லை, தன் டிராக்டரில் போனான். மாதிரி எடுத்துக் கொடுத்தான். இந்தத் தடவையும் கெட்டதாக வரட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான். நல்ல வாயு கெட்டுப்போகட்டும் என்று வேண்டுகிற நிலைக்கு வந்தாயிற்று.

தோரா அவசரமாகப் பார்த்து மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டாள். சுத்தம். மத்தியானம் ஊர்க்குழாய்க்காரன் வால்வைத் திறந்தான். தீ சுருங்கிச் சுருங்கி, ஒரு நாக்கு நீட்டி, அணைந்தது.

ஊர் கொண்டாடியது. "பாத்தியா, அவன் போனான், வாயு சுத்தமாயிடுச்சு," என்று கடையிலும் பெட்ரோல் பங்கிலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கிரெஸ்டனின் தோளைத் தட்டினார்கள். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் அவனுக்குச் செருப்படி மாதிரி விழுந்தது.

அவன் ஹெல்கெ வீட்டுக்குப் போனான். ஹெல்கெவுக்குத் தோரா முன்பே எல்லாம் சொல்லியிருந்தாள். தலைவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேக்கை வெட்டி, உட்கார் உட்கார் என்றான். பேச்சை வெண்ணெய் மாதிரி தடவித் தடவிப் பேசினான். நடந்தது நடந்துவிட்டது, யார் மேலும் தப்பில்லை, மாதிரி எடுப்பதில் ஒரு சின்னப் பிசகு. இப்போது போய்க் கிளறினால் சங்கம் ஊர் முன் சிரிப்பாய்ச் சிரிக்கும். தீர்மானம் போட்டது கூட்டம், மாற்றுவதும் கூட்டம்தான். வசந்த காலத்தில் பொதுக்கூட்டம் வருகிறது, அங்கே பக்குவமாக எடுத்துக்கொள்ளலாம்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றான் கிரெஸ்டன். "அவன் பன்னி வசந்தம் வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்குமா?"

ஹெல்கெ சிரித்தான். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், களிம்பு உன்னுடையது, கை உன்னுடையது, மண்டபத்தில் பேசிய வாயும் உன்னுடையது, வெளியே வந்தால் நாறுவது நீதான் என்றான்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் கிரெஸ்டனுக்கு அவனை அந்தக் கேக் கத்தியாலேயே ஒரு போடு போடலாம் போல இருந்தது. கை தூக்கியது ஊர் முழுக்க. ஹெல்கெ தலைமை தாங்கினான். இப்போது ஒருவன் தலையில் ஒருவன் மிதித்துக்கொண்டு எல்லாரும் சுத்தமாக வெளியேறப் பார்க்கிறார்கள், அடியில் கிடப்பவன் விகோ. அவனை அடியில் தள்ளிய கை தன்னுடையது. கேக்கைத் தொடாமல் எழுந்து வந்தான்.

நேராக விகோவின் முற்றத்துக்குப் போனான். விகோ தொட்டி மேட்டில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். குழம்புக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. கொட்டகையில் பாதி இருட்டாக, சத்தம் இல்லாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல், தாய்ப்பன்றிகளில் பாதியை அன்று காலையே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டான் என்று கிரெஸ்டனுக்கு அப்போதுதான் புரிந்தது.

விகோ மேட்டிலிருந்து இறங்கவில்லை. உள்ளே வா என்று சொல்லவில்லை, காப்பி என்ற பேச்சே இல்லை. கிரெஸ்டன் கீழே நின்றபடி அண்ணாந்து பார்த்துச் சொன்னான். களிம்பு, கப்ளிங், வாஷர், இரண்டு சிலிண்டர், எல்லாவற்றையும் கோபமாகச் சொன்னான், ஏதோ விகோதான் அதைச் செய்த மாதிரி. வேறு குரலில் சொல்ல அவனுக்கு வரவில்லை.

விகோ கேட்டு முடித்தான்.

"இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற?" என்றான். "நான் கொட்டலன்னு எனக்கு முன்னாடியே தெரியுமே."

கிரெஸ்டன் வாயைத் திறந்தான்.

"மண்டபத்துல சொன்னியே, எல்லார் முன்னாடியும், என் பேரச் சொல்லி. இப்ப ஒத்தையா வந்து, தொட்டிக்கிட்ட நின்னு, என் காதுல மட்டும் ஓதற. நல்லா இருக்குடா உன் நியாயம். போ."

அவன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கிரெஸ்டன் போனான். வீட்டுக்கு இல்லை, தன் கொட்டகைக்கு. வயலுக்குக் குழம்பு ஊற்றுகிற பெரிய டேங்கரை டிராக்டரில் மாட்டி ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தான். விகோவிடம் அனுமதி கேட்கவில்லை. உறிஞ்சுகுழாயை எடுத்துத் தொட்டிக்குள் போட்டு பம்பை ஓடவிட்டான். விகோ தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. டேங்கர் நிறைந்து டயர் பிதுங்கியதும் கிளம்பினான்.

ஆலை வாசலில் சாணக் குழம்பு இறக்க லாரிகள் வரிசையில் நின்றன. கிரெஸ்டன் வரிசையில் நிற்கவில்லை, நேராக உள்ளே போய் எடைமேடையின் குறுக்கே டிராக்டரை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். இனி முன்னால் ஒருவனும் போக முடியாது, பின்னால் ஒருவனும் வர முடியாது. பம்பு பார்க்கிற ஆள் ஓடி வந்து, உங்கள் லோடு இன்று இல்லையே என்றான்.

"என்னோடது இல்ல. விகோவோடது. ஹெல்கெவ வரச் சொல்லு."

லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து சுற்றி நின்று, தலைக்கு ஏதாவது ஆகிவிட்டதா, வயசாகிவிட்டதா என்று கிண்டல் செய்தார்கள். அத்தனை பேரும் சங்கத்து ஆட்கள், மண்டபத்தில் கை தூக்கியவர்கள். ஹெல்கெ காரில் வந்து இறங்கி, எல்லாரும் பார்க்கிறார்கள், உள்ளே அலுவலகத்தில் போய்ப் பேசலாம் என்று அவன் முழங்கையைப் பிடித்தான். கிரெஸ்டன் உதறினான். டிராக்டர் படியில் ஏறி நின்றான். மண்டபத்தில் எந்தக் குரலில் பேசினானோ அதே குரல்.

"கேட்டுக்குங்க. வாயுல சிலிக்கான் வந்தது விகோவால இல்ல, என்னால. மாதிரி எடுக்கற கப்ளிங்குல நான் மடிக்களிம்பு பூசினேன். எடுத்த ஒவ்வொரு தடவையும் பூசினேன். அந்தப் பரிசோதனைக்காரப் பொண்ணு கண்டுபிடிச்சா. உங்க தலைவருக்கும் இது தெரியும், வசந்தம் வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கச் சொன்னாரு. விகோ பன்னி பாதி வெட்டுக்குப் போயாச்சு. நீங்க கை தூக்கினீங்க, நான் பேசினேன். இப்ப இந்தக் குழம்ப இறக்குங்க."

ஒருவன் அடக்க முடியாமல் சிரித்தான், பிறகு தானே நிறுத்திக்கொண்டான். இன்னொருவன், வாரக்கணக்கில் நம் வாயுவை எரித்தது நீதானா கிழட்டு நாயே என்று முன்னால் வந்தான். வசவு கிளம்பியது. கிரெஸ்டன் வாங்கிக்கொண்டான், பாதிக்குத் திருப்பியும் கொடுத்தான். ஹெல்கெ, தீர்மானம் என்று ஒன்று இருக்கிறது, அது மாறும் வரை விகோவின் குழம்பை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று ஆரம்பித்தான்.

"சரி," என்றான் கிரெஸ்டன். இறங்கி டேங்கரின் பின்பக்கம் போய்ப் பெரிய வால்வின் கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்தான். "உங்க தொட்டில எடுக்க மாட்டீங்கன்னா இங்கயே தெறந்து விடறேன். எடைமேட, ஆபீசு, தலைவரே, உங்க காரு, எல்லாம் மிதக்கட்டும். வாரிக்கிட்டு இருங்க வசந்தம் வரைக்கும்."

அவன் செய்வான் என்று எல்லாருக்கும் தெரியும். ஹெல்கெவின் பளபளத்த ஷூக்கள் இரண்டு அடி பின்னால் போயின. பம்பு பார்க்கிற ஆள் தலைவனின் முகத்தைப் பார்த்தான், பிறகு கைப்பிடியில் இருந்த கையைப் பார்த்தான், பிறகு யாரையும் கேட்காமல் இறக்குகுழாயை இழுத்து வந்து டேங்கரில் மாட்டினான்.

குழம்பு போய்க்கொண்டிருந்தபோது, கிரெஸ்டனைக் கிழட்டு நாய் என்றவன் பக்கத்தில் வந்து நின்றான். விகோவின் தொட்டியில் இன்னும் எவ்வளவு கிடக்கிறது என்று முறைத்துக்கொண்டே கேட்டான். விளிம்பு வரை என்று கிரெஸ்டன் சொன்னான். அவன் போய்த் தன் லோடையும் இறக்கிவிட்டு, காலி லாரியை விகோவின் பண்ணைப் பக்கம் திருப்பினான். அவன் பின்னால் இன்னொருவன் திருப்பினான். மற்றவர்கள் திருப்பவில்லை. ஹெல்கெ காருக்குள் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

கிரெஸ்டன் காலி டேங்கரோடு டிராக்டர் வேகத்தில் திரும்பி வந்து சேர்ந்தபோது விகோவின் முற்றத்தில் அந்த இரண்டு லாரிகளும் நிறைந்துகொண்டிருந்தன. விகோ உறிஞ்சுகுழாயைப் பிடித்துத் தொட்டிக்குள் இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். ஆலையில் நடந்தது அவனுக்கு வந்து சேர்ந்திருந்தது, முகத்தில் தெரிந்தது. அந்த முகம் கொஞ்சமும் இளகவில்லை.

"சொன்னேன்," என்றான் கிரெஸ்டன்.

"கேள்விப்பட்டேன்."

"பன்னிக்கு..."

"போன பன்னி போனதுதான். அதப் பத்தி நீ பேசாத. இன்னைக்கும் பேசாத, என்னைக்கும் பேசாத." விகோ குழாயை அவன் டேங்கருக்கு இழுத்து வந்து தானே மாட்டினான். "மிச்சம் நிக்கறதுங்களுக்குத்தான் இது. உனக்காக இல்ல. ஏறு, பம்ப ஓட்டு."

கிரெஸ்டன் ஏறி பம்பை ஓட்டினான். கொட்டகையின் வெளிச்சமான பாதியில் மிச்சமிருந்த பன்றிகள் தீனிக்குக் கத்தின. விகோ அவனைப் பார்க்காமல் அந்தப் பக்கம் நடந்தான்.